பேயைக் காட்டினால் ஒரு லட்சம்: டாக்டர் கோவூரின் வாழ்க்கையும் பாராசைக்காலஜி அறிவியல்தானா என்ற கேள்வியும்

கரமனையில் என் வீட்டுக்கு எதிரே புதிதாகக் குடிவந்த நண்பர், சாமான் ஏற்றி வந்த லாரியை ஒன்றரை மணி நேரம் தெருவிலேயே நிறுத்தி வைத்தார். ராகு காலம் முடியணுமாம். டெக்னோபார்க்கில் மெஷின் லேர்னிங் வேலை பார்க்கிறவர். லாரிக்காரருக்கு வெயிட்டிங் சார்ஜ் கொடுத்ததில் அவருக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

பால் காய்ச்சி முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவரே ஒரு கேள்வியைப் போட்டார். டெலிபதி, மறுபிறவி எல்லாவற்றையும் பெரிய பெரிய யுனிவர்சிட்டிகளிலேயே ஆராய்ச்சி செய்கிறார்களே, அப்புறம் எப்படி அதை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ள முடியும் என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அந்த ஆராய்ச்சித் துறையின் பெயர் பாராசைக்காலஜி. ஐம்புலன்களின் உதவி இல்லாமல் தகவல் அறிவது, மனதால் பொருளை அசைப்பது, இறந்த பின்னும் ஏதோ ஒன்று தொடர்வது, இதையெல்லாம் சோதித்துப் பார்க்கிறோம் என்று சொல்லும் துறை. அது அறிவியலா இல்லையா என்று தேட ஆரம்பித்தால், இங்கிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் இருக்கும் திருவல்லாவில் பிறந்த ஒருவரைத் தாண்டிப் போகவே முடியாது.

யார் இந்த கோவூர்?

ஆபிரகாம் தாமஸ் கோவூர் 1898 ஏப்ரல் 10 அன்று பிறந்தார். அப்பா மார்த்தோமா சபையில் உயர்ந்த பொறுப்பில் இருந்த பாதிரியார். வீட்டில் ஜெபத்துக்குக் குறைவில்லை. அந்த வீட்டிலிருந்துதான் ஆசியாவின் பெயர்பெற்ற நாத்திகர்களில் ஒருவர் வந்தார்.

கோவூரும் தம்பி பெஹனானும் கல்லூரிப் படிப்புக்குக் கல்கத்தா போனார்கள். பங்கபாசி கல்லூரி. கோவூர் எடுத்தது தாவரவியலும் விலங்கியலும். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, கங்கைத் தண்ணீர் கொண்டுவரும்படி திருவல்லாவில் அக்கம்பக்கத்தார் கேட்டிருந்தார்கள். கங்கையில் பிணங்கள் மிதப்பதைப் பார்த்துவிட்ட சகோதரர்களுக்கு அந்தத் தண்ணீரை எடுக்க மனசு வரவில்லை.

கடைசியில் கொல்லம்–செங்கோட்டை பாதையில் இருக்கும் கொட்டாரக்கரை ஸ்டேஷனில் குழாயைத் திறந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது திருவல்லாவுக்கு ரயில் கிடையாது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் தங்கள் நோய் தீர்ந்ததாக வந்து சொன்னார்கள். கோவூர் பின்னாளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

இன்றைய மருத்துவ ஆய்வில் இதற்குப் பெயர் பிளாசிபோ. மருந்தே இல்லாத மாத்திரை கொடுத்தும் சிலருக்குக் குணமான உணர்வு வருவது. அதனால்தான் எந்த மருந்தையும் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கல்லூரிப் பையன்கள் இருவர் தெரியாத்தனமாக, ஒப்பிட வேண்டிய அந்த வெறும் மாத்திரையைத் திருவல்லாவில் விநியோகித்திருந்தார்கள்.

தம்பி பெஹனான் கதை தனி. அவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் போய் உளவியல் படித்து, யோகப் பயிற்சியைத் தன் உடம்பிலேயே சோதித்து 1937-ல் புத்தகமாக வெளியிட்டார். பிராணாயாமத்தின்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கூடுவதை அளந்து பதிவு செய்தார். புகழவும் இல்லை, திட்டவும் இல்லை, அளந்தார். அண்ணனின் பாணி வேறு.

யாழ்ப்பாணத்து பாட்டனி வாத்தியார்

1920-களின் பிற்பகுதியில் கோவூர் இலங்கைக்குப் போனார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் முதல்வர் பாதிரியார் கேஷ் அழைத்து, அங்கே தாவரவியல் ஆசிரியர் ஆனார். 1940-களின் தொடக்கம் வரை யாழ்ப்பாணம். பிறகு காலி ரிச்மண்ட் கல்லூரி, கல்கிசை புனித தோமையார் கல்லூரி. கடைசியாகக் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி. 1959-ல் ஓய்வு.

யாழ்ப்பாணத்தில் ஒரு வருடம் அவரிடம் பைபிள் பாடமும் கொடுக்கப்பட்டது. ரிசல்ட் வந்தபோது எல்லாரும் பாஸ். அடுத்த வருடம் அந்தப் பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. காரணம் கேட்டதற்கு, மதிப்பெண் பிரமாதம், ஆனால் படித்த பிள்ளைகளின் விசுவாசம் போய்விட்டது என்பதுபோல முதல்வர் பதில் சொன்னாராம். மிஷனரி பள்ளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை என்பதையும் கவனிக்கணும்.

ஆசிரியராக இருந்த காலத்தில் அவர் மேடை ஏறி முழங்கியதைவிட, ஓய்வுக்குப் பிறகு செய்ததுதான் அதிகம். 1960-ல் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவரானார், சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பாமன்கடையில் இருந்த அவர் வீட்டுக்கு வைத்த பெயர் திருவல்லா. அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது நல்ல நேரத்தில் இல்லை, பஞ்சாங்கம் கூடாது என்று சொன்ன நேரத்தில். (என் எதிர்வீட்டு நண்பரிடம் இதைச் சொன்னபோது, அந்த வீடு இப்போது எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.)

கல் விழும் வீடுகள்

கூரைமேல் கல் விழுகிறது, துணி தானாகத் தீப்பிடிக்கிறது, சோற்றில் மண் விழுகிறது. கேரளத்தில் இதைக் குட்டிச்சாத்தான் வேலை என்பார்கள், தமிழ்நாட்டில் ஏவல், செய்வினை. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து கோவூருக்கு அழைப்பு வரும். அவர் போய் வீட்டில் உள்ளவர்களோடு தனித்தனியாகப் பேசுவார், யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்று கேட்பார், தேவைப்பட்டால் ஹிப்னாடிசம் செய்வார்.

அவர் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே மாதிரி முடிவு: கல்லை எறிந்தது வீட்டுக்குள் இருந்த ஒரு மனிதக் கை. பெரும்பாலும் சொல்ல முடியாத கஷ்டத்தில் இருந்த ஒரு பெண், ஒரு சிறுவன், ஒரு வேலைக்காரப் பிள்ளை. பேயை ஓட்ட வந்தவர் கடைசியில் அந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவார். அவர் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பூசாரியிடம் போயிருந்தால் வேப்பிலை அடி விழுந்திருக்கும்.

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றினால் ஒரு நினைவூட்டல். திருவல்லா இருக்கும் அதே பத்தனம்திட்டா மாவட்டத்தில், இலந்தூரில், 2022-ல் இரண்டு பெண்கள் கொல்லப்பட்டார்கள். பணம் பெருக நரபலி கொடுத்தார்கள் என்பது போலீஸ் குற்றச்சாட்டு. கொல்லப்பட்டவர்களில் ஒருவர், தருமபுரியிலிருந்து கொச்சிக்கு வந்து லாட்டரி டிக்கெட் விற்றுப் பிழைத்த தமிழ்ப்பெண்.

ஒரு லட்சம் ரூபாய் சவால்

1963-ல் கோவூர் ஒரு சவாலை அறிவித்தார். மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளில் யாராவது அமானுஷ்ய சக்தியை நிரூபித்தால் ஒரு லட்சம் இலங்கை ரூபாய். அமெரிக்க மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி தன் புகழ்பெற்ற பரிசை அறிவித்ததற்கு ஒரு வருடம் முன்னால். ராண்டியை நெட்டில் எல்லாருக்கும் தெரியும், கோவூரை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கோவூர் பட்டியலாகவே கொடுத்தார். ஒட்டிய உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் வரிசை எண்ணைப் படி. இன்னொருவர் நினைப்பதை டெலிபதியால் சொல். மனதால் ஒரு பொருளை நகர்த்து அல்லது வளை. தண்ணீர்மேல் நட. பூட்டிய அறையிலிருந்து ஆன்ம சக்தியால் வெளியே வா. போட்டோ எடுக்கும்படி ஒரு ஆவியைக் கொண்டுவா. பங்கேற்க ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டணும், ஜெயித்தால் அதுவும் திரும்பக் கிடைக்கும். வெறும் விளம்பரத்துக்கு வருகிறவர்களை வடிகட்ட இந்த ஏற்பாடு.

ஜோதிடர்களுக்குத் தனி அம்சம். பிறந்த நேரமும் இடமும் துல்லியமாகக் குறித்த பத்து ஜாதகங்கள் தருவார். ஒவ்வொன்றும் ஆணா பெண்ணா, உயிரோடு இருப்பவரா இறந்தவரா என்று சொன்னால் போதும். 5 சதவீதம் வரை தவறலாம்.

இங்கே கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்து ஜாதகம், ஜாதகத்துக்கு இரண்டு பதில், மொத்தம் 20 பதில்கள். ஒரு தப்பு மன்னிக்கப்படும். சும்மா காசு சுண்டிப் பார்த்து ஒருவர் 19 அல்லது 20 சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 50,000-ல் ஒன்று. கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் தேதி குறிக்க நாம் நம்பும் ஒரு முறைக்கு, ஆணா பெண்ணா என்பது கஷ்டமான கேள்வி என்று யாரும் சொல்ல முடியாது.

சிலர் முன்பணம் கட்டினார்கள். பரிசை யாரும் வாங்கவில்லை.

கேட்காமலேயே சிலவற்றைச் சோதிக்கவும் செய்தார். ஜப்பானின் சீகோ நிறுவனத் தலைவருக்கு, டோக்கியோவில் பூட்டி வைத்திருந்த கடிகாரத்தை சத்ய சாய்பாபா இங்கே வரவழைத்துக் கொடுத்தார் என்று ஒரு கதை உலவியது. கோவூர் நேராக சீகோவுக்கே கடிதம் போட்டார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பதில் வந்தது. இன்று ஃபேக்ட் செக் டெஸ்க்கில் நாங்கள் செய்யும் முதல் வேலையும் இதேதான், என்ன, எங்களுக்கு ஈமெயில் இருக்கிறது.

அந்தப் பக்கம் என்ன நடந்தது?

கோவூர் சந்தித்தவர்கள் பெரும்பாலும் சாமியார்களும் மந்திரவாதிகளும். பாராசைக்காலஜியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர்கள் வேறு ரகம். அவர்களில் முக்கியமானவர் ஜே.பி. ரைன், கோவூரைப் போலவே தாவரவியல் படித்தவர். டியூக் பல்கலைக்கழகத்தில் 1930-களில் அவர் செய்த சோதனை எளிமையானது. வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம் என ஐந்து சின்னங்கள், ஒவ்வொன்றும் ஐந்து முறை, மொத்தம் 25 அட்டைகள். மறைத்து வைத்த அட்டையில் என்ன சின்னம் என்று சொல்லணும். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும்.

ஒருவர் 10 சரியாகச் சொன்னால் சக்தி இருக்கிறது என்று அர்த்தமா? தற்செயலாகவே 10 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு சுமார் 1.7 சதவீதம். அதாவது 60 பேர் இருக்கும் ஒரு வகுப்பில் இந்தச் சோதனையை வைத்தால், எந்தச் சக்தியும் இல்லாமலேயே சராசரியாக ஒருவர் அந்த மார்க்கை எடுப்பார். அவரை மட்டும் மேடையேற்றிப் பேட்டி எடுத்தால் அதிசயம். மீதி 59 பேரையும் எண்ணினால் புள்ளியியல்.

ரைனுக்கு இது தெரியும், அதனால்தான் ஆயிரக்கணக்கில் அட்டைகளை எண்ணினார். 1957-ல் பாராசைக்காலஜி ஆய்வாளர்களின் சங்கம் உருவானது. 1969-ல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் அந்தச் சங்கத்தை இணைப்பு அமைப்பாக ஏற்றுக்கொண்டது. இந்தியாவிலும், ரைனோடு வேலை பார்த்த கே. ராமகிருஷ்ண ராவ், 1967-ல் விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் தனித் துறையே தொடங்கினார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன், மறுபிறவியைச் சுட்டும் 20 நிகழ்வுகள் என்று 1966-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் 7 இந்தியாவிலிருந்து, 3 கோவூர் வாழ்ந்த இலங்கையிலிருந்து.

ஆக, என் நண்பர் சொன்னது தப்பில்லை. பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி நடந்தது உண்மை.

கோவூரின் சவாலில் இருந்த ஓட்டை

இங்கேதான் கோவூர் ரசிகர்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லணும். அவர் சவால் மோசடிக்காரர்களைப் பிடிக்கும் வலை. பெரிய மீன் மட்டும்தான் அதில் சிக்கும். ஒருவேளை டெலிபதி என்று ஒன்று இருந்து, அது 20 சதவீதத்துக்குப் பதில் 22 சதவீத அட்டைகளைச் சரியாகச் சொல்லும் அளவுக்கு மிகச் சின்னதாக இருந்தால்? 25 அட்டையில் அது 5-க்குப் பதில் 5.5. கண்ணுக்கே தெரியாது. 10,000 அட்டையில் 2,000-க்குப் பதில் 2,200. அதைத் தற்செயல் என்று ஒதுக்கவே முடியாது. ஒரே மேடையில் ஒரே முறை காட்டு என்ற சவால் இதைக் கண்டுபிடிக்காது.

இன்னொன்று. கோவூரின் வழக்குக் கதைகளைச் சொன்னவர் கோவூர். சிகிச்சை செய்தவர் அவர், குணமாகிவிட்டது என்று எழுதியவரும் அவர்தான். ஆறு மாதம் கழித்து மூன்றாவது ஆள் யாராவது போய்ப் பார்த்தார்களா? மறுபிறவிக் கதையில் குடும்பத்தார் சாட்சியை மட்டும் நம்பாதே என்று சொல்கிற அதே அளவுகோலை அவர் டைரியின்மேல் வைத்தால், அதுவும் பாஸ் ஆகாது. ஆவி, அமானுஷ்யம் பற்றிய ஆய்வுக்காக அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு தத்துவ நிறுவனம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டத்தை வைத்து இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

அவர் கதைகள் அவ்வளவு சுவாரசியமாக இருந்ததும் ஒரு காரணம். இறந்துபோன அம்மாதான் மனைவியாகத் திரும்பி வந்திருக்கிறாள் என்று நம்பி மனைவியைத் தொட முடியாமல் தவிக்கும் கணவனின் கதை, 1972-ல் கே.எஸ். சேதுமாதவன் இயக்கத்தில் ‘புனர்ஜன்மம்’ என்ற மலையாளப் படமாக வந்தது. அடுத்த வருடமே முத்துராமனும் மஞ்சுளாவும் நடிக்க, தமிழில் ‘மறுபிறவி’. மனநலச் சிக்கலைப் பேயோட்டி இல்லாமல் தீர்க்கலாம் என்று தியேட்டரில் லட்சம் பேருக்குச் சொன்னது நல்ல காரியம். ஆனால் சினிமாவுக்கு ஏற்ற கதையும் ஆய்வுக்கு ஏற்ற பதிவும் ஒன்றல்ல.

1978

1976-ல் அவருடைய ‘பிகான் காட்மென்’ புத்தகம் வந்தது. சாமியார்களே, போய்த் தொலையுங்கள் என்பது அதன் பொருள். 1978 செப்டம்பர் 18 அன்று கோவூர் கொழும்பில் இறந்தார். கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவக் கல்லூரிக்கு, எலும்புக்கூடு கடைசியாக வேலை பார்த்த தேர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வகத்துக்கு என்று எழுதி வைத்திருந்தார். அவருக்கு நான்கு வருடம் முன்பே இறந்த மனைவியின் உடலும் அப்படித்தான் தானமாகப் போனது. பாட்டனி வாத்தியார் ரிட்டயர் ஆன பிறகும் லேபை விடவில்லை.

சவாலைக் கோவை போத்தனூரிலிருந்து பி. பிரேமானந்த் தொடர்ந்தார். அவரும் 2009-ல் இறக்கும்வரை பரிசுப் பணத்தைக் கொடுக்க வேண்டி வரவில்லை.

பாராசைக்காலஜியை உள்ளிருந்து உலுக்கிய செய்திகளும் அதே காலத்தில்தான் வந்தன. ரைன் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரே கருவியில் கைவைத்து எண்களைக் கூட்டியதை 1974-ல் உடன் வேலை பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் டெலிபதிக்கு மிக வலுவான ஆதாரம் என்று கொண்டாடப்பட்ட எஸ்.ஜி. சோலின் பதிவுகள் திருத்தப்பட்டவை என்று 1978-ல் பெட்டி மார்க்விக் காட்டினார். அவர் எதிரி முகாம் இல்லை, அந்தத் துறையில் ஆர்வம் கொண்டவர். தங்கள் ஆளையே தாங்களே பிடித்தார்கள். ஒரு துறை அறிவியல்போல நடந்துகொள்வது என்றால் அது இப்படித்தான் இருக்கும்.

அப்போ, அது அறிவியலா?

எனக்குக் கிடைத்ததில் மிகச் சுவாரசியமான டேட்டா இதுதான். 1976-ல், அதாவது கோவூரின் புத்தகம் வந்த அதே வருடம், ஐரோப்பாவில் ஒரு பாராசைக்காலஜி ஆய்விதழ் புதிய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. சோதனை செய்வதற்கு முன்பே, என்ன செய்யப் போகிறோம், எப்படி எண்ணப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். பிறகு முடிவு எப்படி வந்தாலும் இதழ் வெளியிடும். பெரும்பாலான அறிவியல் துறைகள் இந்த முறையை யோசிக்க இன்னும் முப்பது, நாற்பது வருடம் ஆனது.

பின்னாளில் ரிச்சர்ட் வைஸ்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்த இதழின் பழைய கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுக்காத ஆய்வுகளில் சுமார் 28 சதவீத முடிவுகள் ஏதோ இருக்கிறது என்று காட்டின. எழுதிக் கொடுத்த ஆய்வுகளில் சுமார் 8 சதவீதம். எதுவுமே இல்லாவிட்டாலும் தற்செயலாக 5 சதவீதம் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். யாரும் ஏமாற்றியிருக்கவே வேண்டாம். எங்கே நிறுத்துவது, எதை எண்ணுவது என்று பின்னால் முடிவு செய்யும் சுதந்திரம் இருந்தாலே இவ்வளவு வித்தியாசம் வருகிறது.

என் கணிப்பில், பாராசைக்காலஜி அறிவியல் ஆக முடியும், சில நேரம் ஆகியும் இருக்கிறது. தோற்றால் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த நாட்களில் அது அறிவியல்தான். சிக்கல் என்னவென்றால், அந்த நாட்களில் அதன் கையில் அதிசயம் மிஞ்சவில்லை. கோவூரின் பட்டியலும் அதே வேலையைத்தான் முரட்டுத்தனமாகச் செய்தது: ஒவ்வொரு வரியும் எதில் ஜெயிக்கணும், எதில் தோற்கணும் என்று முன்னாலேயே சொன்னது, அவர் பணமும் மேசையில் இருந்தது.

மற்ற துறைகளுக்கும் சிரிக்க இடமில்லை. 2011-ல் டாரில் பெம் என்ற மூத்த உளவியலாளர், மனிதர்கள் எதிர்காலத்தை முன்னுணர்கிறார்கள் என்று ஒன்பது சோதனைகளோடு ஒரு முன்னணி ஆய்விதழில் எழுதினார். எல்லாரும் பயன்படுத்தும் அதே புள்ளியியல் முறைகள். திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அப்படியானால் இதே முறையில் வந்த மற்ற ஆய்வுகளின் கதி என்ன என்று உளவியல் துறை பயந்துபோனது. 2015-ல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது, பழைய முடிவு மறுபடி வலுவாகக் கிடைத்தது சுமார் 36 சதவீத ஆய்வுகளில்தான்.

என் நண்பரிடம் இந்த 28, 8 எண்களைக் காட்டினேன். இது அவருக்குச் சட்டென்று புரிந்தது. மாடலைச் சோதிக்கும் டேட்டாவை முதலிலேயே பிரித்துப் பூட்டி வைக்காவிட்டால் ஆபீஸில் அவருக்கும் இதுதான் நடக்குமாம். பிறகு போனை எடுத்துப் பார்த்துவிட்டு, கேஸ் கனெக்‌ஷன் மாற்றுவதை வியாழக்கிழமை ஒன்றரைக்கு முன்னால் முடித்துவிடணும் என்றார். வியாழன் ராகு காலம் ஒன்றரைக்குத் தொடங்குகிறது.